செட்டு மாத்திரை

"வெளியில ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?" என்று டாக்டர் ராமாமணி கேட்டார்.

"இல்லைங்க மேடம்" என்றார் பாக்கியராஜ்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. சூடு பட்ட கை தானாகப் பின்னால் போவதுபோல அதுவாகவே வந்தது. வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிலில் அவர் மனைவி விமலாராணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பதினாறு நாளாக வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, சில நாள் இருபது. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்ததால் மகள் ஜோவிதா அதைத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கறதா சீட்டுல போட்டிருக்குது. பதினாறு நாளா போகுது, ஒரு மாத்திரைகூடக் குடுக்கலைன்னா நம்பறதா?"

"உப்பு சர்க்கரைக் கரைசல் குடுத்தனுங்க. மத்தபடி இல்லைங்க."

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது, காதில் வைரத்தோடு, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு கேஸ் சீட்டில் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியை நம்பித்தான் அடுத்த இரண்டு நாள் வைத்தியமும் நடந்தது.

பாக்கியராஜின் மருந்துக்கடை கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில், லேத் பட்டறைகளும் சின்ன பவுண்டரிகளும் தோளோடு தோள் இடிக்கிற ஒரு தெருவில் இருந்தது. பதினோரு வருஷமாக நடத்துகிறார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பார்மசிஸ்ட் சான்றிதழ் தாராபுரத்துக்காரர் ஒருவருடையது. அவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, தன் படத்தைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கடை பாக்கியராஜின் கையில்தான். தெருவில் அவரை யாரும் கடைக்காரர் என்று நினைப்பதில்லை. பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர்.

அவர் கடையில் அதிகம் போனது செட்டு மாத்திரை. காய்ச்சலுக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒன்று, வயிற்றால் போவதற்கு ஒன்று. நாலு பட்டைகளிலிருந்து கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, விமலாராணி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் பழைய பரீட்சைத் தாளில் செய்த கவரில் போட்டுக் கொடுப்பார். ஒரு நாள் செட்டு, இரண்டு நாள் செட்டு. அதற்கு மேல் யாரும் வாங்க மாட்டார்கள். மறுநாள் ஷிப்டுக்கு எழுந்து போனால் போதும். ஆனால் செட்டில் ஒரு கேப்சூல் கட்டாயம் இருந்தாக வேண்டும். கேப்சூல் இல்லாத கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, கிருமி சாகறதுக்கு ஒண்ணும் போடலீங்களா?" என்று திரும்பி வந்து நிற்பார்கள்.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்த மறுநாள் காலையிலேயே கடைமுன் டெட்ராசைக்ளின் கேட்டுக் கூட்டம் நின்றது. சூரத்துக்கும் கணபதிக்கும் எவ்வளவோ தூரம்தான். ஆனால் அங்கிருந்து துணி ஏற்றிய லாரிகள் கோயமுத்தூருக்கு வராத நாள் இல்லை. மூன்று நாளில் சரக்கு தீர்ந்தது. கடைசி டப்பாவை பாக்கியராஜ் விற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று பேரும் பத்து நாள் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டார். குமட்டுகிறது என்று ஜோவிதா இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள். அவரும் கடை அலைச்சலில் பாதி நாள் மறந்தார். விமலாராணி மட்டும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள்.

அடுத்த வாரமே அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் விட்டுப்போன லின்கோமைசின் சாம்பிள் பட்டைகள் மேசையில் கிடந்தன. ஏழு நாள் அதைக் கொடுத்தார். பல்வலி போனது. வயிற்றால் போக ஆரம்பித்தது.

மருந்து செய்த வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வயிற்றால் போனால் கிருமி, கிருமி என்றால் கேப்சூல். நார்ப்ளாக்சசின் ஐந்து நாள் கொடுத்தார். கேட்கவில்லை. சிப்ரோ கொடுத்தார். நடுவில் இரண்டு நாள் கொஞ்சம் நிதானப்பட்டதுபோலத் தெரிந்தது, பிறகு இரட்டிப்பாகப் போனது. சல்பா மாத்திரைக்கு மாற்றினார்.

"ஏனுங்க, மாத்திரை போடப் போடத்தான் சாஸ்தியாகுதுங்க" என்று ஒருநாள் விமலாராணி சொன்னாள்.

"மூணாங்கிளாஸ் டீச்சருக்கு மருந்தெல்லாம் தெரியுமாக்கும்" என்று சிரித்துவிட்டு, டோசைக் கூட்டினார்.

இதையெல்லாம் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவரே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டார். சான்றிதழ் விஷயம் வெளியே வரும், லைசன்ஸ் போகும் என்ற பயம் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. சொன்னால் டாக்டர் எழுதுவார். எழுதிவிட்டால், விமலாவை இப்படிப் படுக்க வைத்தது யார் என்பது காகிதத்தில் ஏறிவிடும். அதைப் படிக்கத் தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் டைபாய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று புதுவகை ஊசி ஒன்றை வேளைக்கு வேளை போடச் சொன்னார். ஊசிக் குப்பியின் மேல் எழுதியிருந்ததைத் தூரத்திலிருந்தே பாக்கியராஜ் படித்தார். இன்னுமொரு ஆன்டிபயாட்டிக். சரிதான், பெரிய இடத்திலும் இதைத்தானே செய்கிறார்கள் என்று அவருக்கு ஒரு தைரியம்கூட வந்தது.

ஊசி போட்ட அன்று இருபத்து மூன்று தடவை போனது. ஆறு கட்டில் போட்ட வார்டு. கக்கூஸ் வராந்தாவின் கோடியில். பாதி வழியில் சேலை நனைந்துவிடும். நனைந்த சேலையோடு விமலாராணி நடுவராந்தாவில் நின்றுவிட்டாள். எதிரே அவளிடம் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண் தன் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். "மிஸ்" என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் அந்தப் பெண் சேலையைப் பார்த்தாள்.

கட்டிலுக்கு வந்ததும் விமலாராணி புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னால முடியலீங்க. எப்படியாச்சும் நிறுத்திப்போடுங்க. செத்தாக்கூடப் பரவாயில்லை, நின்னு போகட்டும்."

அவர் சட்டைப் பையில் போக்கை நிறுத்துகிற மாத்திரை ஒரு பட்டை இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்து எடுத்து வந்தது. நர்ஸ் பக்கத்து வார்டுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு கொடுத்தார். சாயங்காலம் இரண்டு. படுக்கப் போகுமுன் இன்னும் இரண்டு.

மறுநாள் விடிந்தபோது நின்றிருந்தது. காலை முழுக்க ஒரு தடவைகூடப் போகவில்லை. பதினெட்டு நாளில் முதல்முறையாக விமலாராணி அசந்து தூங்கினாள். பாக்கியராஜ் வாசலில் இறங்கி டீ குடித்தார். டீ ருசித்தது.

அங்கேதான் குமாரசாமி வந்தான். கணபதி பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்ப்பவன், கடையின் நெடுநாள் வாடிக்கை. கையில் சாத்துக்குடிப் பை.

"ஏனுங்ணா, அக்கா எப்படி இருக்காங்க? கடை பூட்டிக் கிடக்குது, தெருவே கெதிகெட்டுப் போச்சுங்ணா."

"நின்னுருச்சு குமாரசாமி."

"நீங்க இருக்கறப்ப நிக்காம எங்க போகும்? எம்புள்ளைக்கு போன மாசம் ஒங்க செட்டுதானுங்களே. காச்சல் ஒரே நாள்ல பறந்துபோச்சு." அவன் சாத்துக்குடிப் பையைக் கை மாற்றிக்கொண்டான். "அதுல இருந்து வயிறுதான் கொஞ்சம் சரியில்லீங்ணா. வாரத்துல மூணு நாள் தண்ணியாட்டம் போகுது. அது சூட்டு ஒடம்பு, அவங்கம்மா மாதிரி. கையில ஏதாச்சும் செட்டு இருந்தா குடுங்க, போறப்ப குடுத்துட்டுப் போயர்றேன்."

பாக்கியராஜின் கை சட்டைப் பைக்குப் போனது. பட்டையின் விளிம்பு விரலில் பட்டது. என்னவோ தோன்ற, கையை வெறுமனே எடுத்துக்கொண்டார்.

"கடை தெறந்ததும் பாக்கலாம்" என்றார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எங்களையெல்லாம் மறந்துட்டீங்க பாருங்க" என்று சிரித்துக்கொண்டே குமாரசாமி மாடிப்படி ஏறினான்.

மத்தியானம் விமலாராணி விழித்தபோது வயிறு உப்பியிருந்தது. முதலில் காற்று என்று நினைத்தார்கள். மூன்று மணிக்கு அது ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியின் வயிறுபோல விறைத்து நின்றது. தொட்டால் அலறினாள். காய்ச்சல் நூற்று மூன்று. நாடி நூற்று நாற்பதைத் தாண்டியது. தள்ளுவண்டியில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனார்கள்.

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் சர்ஜன் சசிதர். நாற்பது வயது இருக்கும், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பாக்கியராஜையும் ஜோவிதாவையும் டாக்டர் ராமாமணியின் அறைக்குக் கூப்பிட்டார்.

"பெருங்குடல் பலூன் மாதிரி ஊதியிருக்குது. இது வெடிச்சா அப்புறம் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. இன்னைக்கே தெறந்து பெருங்குடலை எடுத்தாகணும். இந்த ஒடம்பு அதைத் தாங்குமான்னு கேட்டீங்கன்னா, பாதிக்குப் பாதிதான். அதுக்குக் கீழேகூடச் சொல்லலாம்." ஒரு தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். "கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் ராமாமணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணு புரியலை சசிதர். நேத்து வரைக்கும் இருபத்து மூணு தடவை போன வயிறு ஒரே நாள்ல எப்படி அடங்கும்? எது நிறுத்துச்சு?"

ஜோவிதா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். முகத்தை அல்ல, சட்டைப் பையை. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண், வீட்டில் குப்பைக்கூடையைக் கொட்டுவது அவள்தான். ஒரு மாதமாகக் காலிப் பட்டைகளைக் கொட்டியிருக்கிறாள். அவள் சொல்லப்போவதில்லை என்று பாக்கியராஜுக்குத் தெரிந்தது. அவருக்காகக் காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

பட்டையை எடுத்துக் கையெழுத்துத் தாளின்மேல் வைத்தார்.

"நாந்தானுங்க நிறுத்தினேன்."

டாக்டர் பட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இது மட்டுமா?"

"இல்லைங்க. எழுதிக்குங்க மேடம்." டெட்ராசைக்ளினில் ஆரம்பித்தார். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எப்போது நிறுத்தியது, எப்போது மாற்றியது. மொத்த வியாபாரிக்கு போனில் ஆர்டர் சொல்லும் குரலில் ஒன்று விடாமல் சொன்னார். லின்கோமைசின் என்றதும் டாக்டரின் பேனா நின்றது. பிறகு எழுதியது. ஐந்து மருந்து, ஒரு மாதம் பத்து நாள்.

"முந்தாநாள் இதைச் சொல்லியிருந்தா நான் அந்த ஊசியைப் போட்டிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. "நீங்க செஞ்சதுல என் கையையும் சேர்த்துவிட்டுட்டீங்க."

"கிருமிக்குத்தானுங்க குடுத்தேன். நான் வேற எதுக்குமே..."

"எந்தக் கிருமிக்கு? வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி குடியிருக்குது பாக்கியராஜ், உங்களுக்கும் இருக்குது, எனக்கும் இருக்குது. நாம திங்கறதுல ஒரு பங்கை அதுகதான் உடைச்சுக் குடுக்குது. அதுக குடியிருக்கற வரைக்கும் வெளியாள் உள்ள வந்து உக்கார எடமிருக்காது. நீங்க ஒரு மாசமா வேளாவேளைக்கு அத்தனை பேரையும் காலி பண்ணியிருக்கறீங்க. பூட்டில்லாத காலி ஊடு. ஒரு ரவுடி உள்ள பூந்துட்டான். உங்க மாத்திரை எதுவும் அவனை ஒண்ணும் பண்ணாது. அவன் கக்கற வெஷத்தைத்தான் ஒடம்பு வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. நீங்க கதவையும் அடைச்சுட்டீங்க."

பாக்கியராஜ் நின்றபடியே இருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

டாக்டர் வார்டுக்குப் போய், திரைத் தட்டியை இழுத்துவிட்டு, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். குடலின் உட்சுவரில் திட்டுத் திட்டாக மஞ்சள் படலம் படிந்திருப்பதாகச் சசிதரிடம் சொன்னார். "நான் நினைச்சதுதான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

"வயித்துச் சுத்தளவு ரெண்டு சென்டிமீட்டர் ஏறினா நான் காத்திருக்க மாட்டேன்" என்றார் சசிதர்.

"ஏறினா கூட்டிட்டுப் போங்க."

புது ஊசி நின்றது. அந்த ரவுடிக்கென்றே மெட்ரோனிடசோல் டிரிப்ஸ் ஏறியது. கூடவே வேங்கோமைசின் வேண்டும் என்றார் டாக்டர். ஊசிப் பொடிதான், ஆனால் தண்ணீரில் கலக்கி வாயால் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி இருப்பில் இல்லை. பாக்கியராஜ் மொபெட்டை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் போனார். மூன்று மொத்தக் கடைகளில் கையை விரித்தார்கள். நாலாவது கடை சென்னியப்பனுடையது, அவருக்குப் பழக்கமான ஆள்.

"கணபதிப் பக்கம் யாருங்க இதெல்லாம் எழுதறாங்க? உங்க கடையில இது போகாதுங்களே" என்றார் சென்னியப்பன்.

"ஊட்டுக்குங்க."

சென்னியப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து எட்டுக் குப்பி எடுத்துக் கொடுத்தார். பாக்கியராஜ் அவற்றைக் கைக்குட்டையில் சுற்றி, மொபெட்டின் முன்பையில் போடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். காந்திபுரம் சிக்னலில் மழை பிடித்தது. நிற்கவில்லை.

நர்ஸ் பொடியைக் கலக்கிச் சின்ன டம்ளரில் ஊற்றினாள். பழக்கத்தில் பாக்கியராஜ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். விமலாராணியின் தலையைத் தூக்கி உதட்டருகே கொண்டுபோனார்.

"குடிச்சிரு கண்ணு."

அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்தாள்.

"இது நீங்க குடுக்கறதுங்களா, டாக்டரம்மா குடுக்கறதுங்களா?"

"டாக்டரம்மா எழுதினதுதான்."

"அப்ப சிஸ்டர் கையில குடுங்க."

அவர் கொடுத்தார். நர்ஸ் கையிலிருந்து அவள் மடக்கு மடக்காகக் குடித்தாள். கசப்பில் முகம் சுளித்தது. பாக்கியராஜ் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்றார். தலைமாட்டு ஸ்டூலில் ஜோவிதா உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் விமலா" என்றார்.

"எங்கிட்டச் சொல்லலீங்களே."

அவர் ஜோவிதாவைப் பார்த்தார். அவள் எழுந்து போகவில்லை. பிறகு அவளும் கேட்க, மருந்துப் பேர் எதுவும் இல்லாமல், எளிய வார்த்தையில் சொன்னார். பல்வலிக்குக் கொடுத்ததுதான் ஆரம்பம். நீ சொன்னது சரி, மாத்திரை போடப் போடத்தான் கூடியது. நான் சிரித்தேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். நேற்று நிறுத்தியதும் நான்தான். விமலாராணி முழுதும் கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தையல்காரர் டேப்பால் நர்ஸ் வயிற்றை அளந்தாள். தொப்புளுக்கு மேலே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சுற்ற வேண்டும் என்று. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று ஒன்றரை. விடியற்காலையில் தொண்ணூற்று இரண்டு. சசிதர் எட்டு மணிக்கு வந்து எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர்தான் என்றாலும் தயாராக இருக்கட்டுமென்று மயக்க மருந்து டாக்டருக்கு ஆள் அனுப்பினார். ஆபரேஷன் தியேட்டர் உடுப்பு ஒன்று மடித்துக் கட்டில்மேல் வைக்கப்பட்டது. பாக்கியராஜ் கையெழுத்துப் போட்டார். சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து, உயிருக்குப் போராடுகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். விமலாராணிக்கு நினைவு வந்தும் போயும் இருந்தது. ஒருமுறை கண் விழித்தவள், மூணாங்கிளாஸ் பிள்ளைகளின் நோட்டு திருத்தாமல் கிடக்கிறது என்றாள்.

பத்து மணிக்குத் தொண்ணூற்று இரண்டேதான். பதினொன்றே காலுக்கு, நர்ஸ் டேப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, நீளமாகக் காற்றுப் பிரிந்தது. நர்ஸ் நிமிர்ந்தாள். "இன்னும் போகட்டும்மா, அடக்காதீங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் விமலாராணி கையை அசைத்தாள். ஜோவிதா ஓடிப்போய் மலத் தட்டம் எடுத்து வந்தாள். பச்சையும் மஞ்சளுமாக, சளிபோல, வார்டே முகம் திருப்பும் நாற்றத்தோடு போனது.

"கொட்டாதீங்க, டாக்டரம்மா பாக்கணும்னாங்க. ஆயா வந்து எடுத்துட்டுப் போவாங்க" என்றாள் நர்ஸ்.

"நானே எடுத்துட்டுப் போறனுங்க."

பாக்கியராஜ் தட்டத்தைத் துணியால் மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பார்வையாளர் நேரம். சாப்பாட்டுக் கூடையோடு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். அவர் அவசரப்படவில்லை. ஒரு சொட்டு சிந்தக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். டாக்டர் ராமாமணி அறை வாசலிலேயே துணியை நீக்கிப் பார்த்தார்.

"வயிறு?"

"தொண்ணூத்தி ஒண்ணேமுக்காலுங்க. இப்ப அளந்தாங்க."

"பொழைச்சுக்கிட்டாங்கன்னு நான் சொல்லலை, புரியுதுங்களா? இன்னும் ஒரு வாரம் எது வேணும்னாலும் ஆகலாம். பொழைச்சாலும் அந்தக் காலி ஊட்டுல பழைய ஆளுக திரும்பிக் குடி வர மாசக்கணக்காகும். தயிரும் கஞ்சியுமா பொறுமையாப் பாக்கணும். அதுக்கு மாத்திரை கிடையாது." டாக்டர் துணியை மூடினார். "இன்னைக்குத் தியேட்டர் வேண்டாம்னு சசிதர்கிட்டச் சொல்றேன். அவ்வளவுதான்."

அவர் கும்பிட நினைத்தார். கையில் தட்டம் இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கழுவும் இடத்துக்குப் போனார்.

திரும்பி வந்தபோது விமலாராணி விழித்திருந்தாள். அவர் கால்மாட்டிலேயே நின்றார். அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுருங்க, "மறுபடி வருதுங்க" என்றாள்.

"வரட்டும்" என்று பாக்கியராஜ் குனிந்து தட்டத்தை எடுத்தார்.